யாக்கோபின் துறைக் கோட்டை: ஓராண்டுகூட நிற்காத கோட்டையை எதற்காக இத்தனை பருவங்கள் தோண்டினார்கள்?

மண்ணடுக்கு:

சிலுவைப்போர்க் கோட்டைகள் என்று பேச்செடுத்தாலே நம் குழுவில் எல்லாரும் சிரியாவின் கிராக் தெ செவாலியேயிடம்தான் போய் நிற்கிறோம். முழுதாக நிற்கிறது, பார்க்கவும் கம்பீரம். நான் எழுத வந்தது அதற்கு நேர்மாறான ஓர் இடத்தைப் பற்றி. யோர்தான் ஆற்றின் மேற்குக் கரையில், ஹூலாப் பள்ளத்தாக்குக்கும் கலிலேயா ஏரிக்கும் நடுவே, ஒரு தாழ்ந்த மேட்டில் கிடக்கும் இடிபாடு. லத்தீனில் வாடும் யாக்கோப், அரபியில் பைத்துல் அஹ்ஸான், இன்று அத்தெரெத். இந்த இழையில் யாக்கோபின் துறை என்றே எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1177 நவம்பரில் மொன்ஜிசார் போரில் சிலுவைப்போர்க்காரர்களின் ஜெருசலேம் அரசர் நான்காம் பால்ட்வின், எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாஹுத்தீனைத் தோற்கடித்தார். பால்ட்வினுக்குத் தொழுநோய்; வயது 16. அடுத்த ஆண்டு அக்டோபரில் தமாஸ்கஸ் சாலை ஆற்றைக் கடக்கும் இந்தத் துறையில் கோட்டை கட்டத் தொடங்கினார். ஆறு மாதம் அரசரும் படையும் அங்கேயே தங்கி வேலை நடந்தது. பிறகு டெம்ப்ளர் வீரத்துறவிகள் பொறுப்பேற்றார்கள். வேலையை நிறுத்தினால் 60,000 தினார் தருகிறேன் என்று சலாஹுத்தீன் சொல்லி அனுப்பினார், பிறகு 1,00,000 வரை ஏற்றினார். பால்ட்வின் மறுத்துவிட்டார். 1179 ஜூனில் மர்ஜ் அயூனில் அரசரின் படை தோற்றது. ஆகஸ்ட் 24 அன்று முற்றுகை தொடங்கி, அந்த மாதம் முடிவதற்குள் கோட்டை விழுந்தது. திபேரியாவிலிருந்து உதவிக்குப் புறப்பட்ட அரசர் புகையைப் பார்த்துத் திரும்பினார் என்கிறார்கள்.

முதல் கல் வைத்ததிலிருந்து சாம்பலாகும் வரை பதினோரு மாதம். வெளிமதில் எழும்பவே இல்லை. ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ரோனி எல்லன்ப்ளும் 1993இல் அங்கே அகழாய்வைத் தொடங்கிப் பல பருவங்கள் தோண்டினார். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நூறு ஆண்டு குடியிருந்த எந்தக் கோட்டையையும்விட இந்தப் பதினோரு மாதக் கோட்டை நமக்கு அதிகம் சொல்லித்தருகிறது. முழுசாக நிற்கும் கோட்டையில் கடைசியாக இருந்தவர்கள் முந்தியவர்களின் தடயங்களைத் துடைத்து எடுத்திருப்பார்கள். சாரம் கட்டிய துளையை அடைத்து, சுண்ணாம்புக் குழியை மூடி, தரையைப் பெருக்கி, ஓட்டை விழுந்த இடத்தில் புதுச் சுவர் வைத்திருப்பார்கள். இங்கே யாரும் பெருக்கவில்லை. சுண்ணாம்புக் குவியலும் சாந்தும் வேலையாட்களின் இரும்புக் கருவிகளும் விட்ட இடத்திலேயே கிடைத்தன. அவற்றோடு அம்புமுனைகள், மனித எலும்புகள், குதிரை இன விலங்குகளின் எலும்புகள். வேலைக்களமும் போர்க்களமும் ஒரே தளத்தில்.

உங்கள் கருத்து என்ன?

செங்கல்சூளை:

அண்ணா, ஒரு சின்னக் கேள்வி. கட்டி முடிக்காத கோட்டை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? இடித்ததால்கூட அப்படித் தெரியலாமே? சலாஹுத்தீன் தரைமட்டமாக்கச் சொன்னார் என்றுதான் நானும் படித்திருக்கிறேன்.

மண்ணடுக்கு:

நல்ல கேள்வி தம்பி. இடித்த சுவருக்கு அஸ்திவாரம் இருக்கும், பக்கத்தில் விழுந்த கல்லும் கிடக்கும். தொடங்காத சுவருக்கு இரண்டும் இருக்காது. அதோடு ஒரு கட்டடம் முடிந்த பிறகு அதன் முற்றத்தில் குழைத்த சாந்தும் மண்வெட்டியும் கிடக்க வேண்டிய அவசியம் இல்லை. சாம்பல் அடுக்குக்கு அடியில் கட்டுமானத் தளவாடம் கிடந்தால், நெருப்பு வந்த நாளில் வேலை நடந்துகொண்டிருந்தது என்றுதானே கொள்ள வேண்டும்?

ஓலைநறுக்கு:

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். மத்திய கிழக்கு அகழாய்வுகளில் எனக்குள்ள பழைய மனக்குறை இது: முதலில் நூலைப் படித்துவிட்டுப் பிறகு மண்ணுக்குள் இறங்குகிறார்கள். தீரு நகர வில்லியம் லத்தீனில் எழுதி வைத்தார், அரபிப் பக்கம் அபூ ஷாமா பழைய கடிதங்களைத் தொகுத்து வைத்தார். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு தோண்டினால், கிடைக்கும் ஒவ்வொரு கரியும் 1179 ஆகஸ்ட் கரியாகத்தான் தெரியும். நூல் இல்லாமல் இந்த மேட்டை ஒருவர் தோண்டியிருந்தால் இதே முடிவுக்கு வந்திருப்பாரா?

இன்னொன்று. சலாஹுத்தீனின் செயலாளர் அல்காதி அல்ஃபாதில் பாக்தாதுக்கு எழுதியது வெற்றிக் கடிதம். எதிரியின் கோட்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு வென்றவரின் புகழும் பெரிது. 20,000 கல், ஒவ்வொரு கல்லுக்கும் நான்கு தினார் செலவு என்று அவர் எழுதுகிறார். பெருக்கிப் பாருங்கள், 80,000 தினார். சலாஹுத்தீன் கொடுக்க முன்வந்த இரண்டு தொகைக்கும் நடுவில் வந்து உட்காருகிறது. எனக்கு அது கணக்கப்பிள்ளை எழுதிய எண்ணாகத் தோன்றவில்லை. அரசவைப் புலமையாகத்தான் தோன்றுகிறது.

மண்ணடுக்கு:

80,000 பற்றி உங்களோடு சண்டை போட மாட்டேன். ஆனால் அதே கடிதத்தில் அளந்து பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது: சுவரின் கனம். அவர் பத்து முழத்துக்கு மேல் என்கிறார், இன்னொரு அரபி வரலாறு ஒன்பது முழம் என்கிறது. முழத்தை அரை மீட்டர் என்று வைத்தால் நாலரை முதல் ஐந்து மீட்டர். மண்ணிலிருந்து வெளிவந்த சுவர் ஏறத்தாழ 4 மீட்டருக்கு மேல். வெற்றிக் களிப்பில் எழுதிய கடிதத்துக்கு இது மிக நேர்மையான அளவு. ஆகவே நூலை வைத்து மண்ணைப் படிக்கிறார்கள் என்பது மட்டும் இல்லை, மண்ணை வைத்து நூலையும் சோதிக்கிறார்கள். எந்தக் கூற்று அளவுகோலில் நிற்கிறது, எது நிற்கவில்லை என்று ஒவ்வொன்றாகப் பிரிப்பதுதான் வேலை.

கரணை:

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து கொத்து வேலை. அந்தப் பார்வையில் ஒன்று சொல்கிறேன்.

சிமென்ட் போல சுண்ணாம்புச் சாந்து ஒரு மாதத்தில் இறுகிவிடாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளே இழுத்துத்தான் அது மறுபடியும் கல்லாகிறது. மேற்பரப்பு சீக்கிரம் இறுகும். நாலு மீட்டர் கனச் சுவரின் நடுவயிற்றுக்குக் காற்று போய்ச் சேர எத்தனை காலம்? வருடக்கணக்கு நிச்சயம், பல பத்தாண்டுகளும் ஆகும். இந்தச் சுவருக்குக் கிடைத்தது ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும். மழைக்காலத்தில் சாந்து உலரக்கூட நேரம் எடுக்கும்.

அதனால் முற்றுகையின்போது அந்தச் சுவர் வெளியே கல், உள்ளே பச்சை. அல்ஃபாதில் கடிதம் அந்தச் சாந்தை இரும்பைவிட உறுதி என்கிற தொனியில் புகழ்கிறதாம். கொத்தனார் வீட்டுப் பிள்ளை அதை நம்ப மாட்டான். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பச்சைச் சுவர் உடனே உதிரும் என்று நினைக்காதீர்கள். கனமான சுவர் தன் எடையாலேயே நிற்கும், அடியில் குடைந்தாலும் கொஞ்சம் தொங்கி உட்காரும், விரிசலைத் தானே தாங்கிக்கொள்ளும். அடியில் சுரங்கம் வெட்டி, மரம் முட்டுக் கொடுத்து, தீ வைத்தும் முதல் தடவை சுவர் விழவில்லை என்று வரலாறுகள் சொல்வது எனக்குப் பொருந்தியே தெரிகிறது.

செங்கல்சூளை:

முதல் தடவை விழவில்லையா? அப்புறம் என்ன செய்தார்கள்?

மண்ணடுக்கு:

அதுதான் இந்த முற்றுகையின் மிக நெருக்கமான விவரம். சுரங்கம் சுவரின் கனத்துக்குப் போதவில்லை. அகலப்படுத்த வேண்டும், ஆனால் உள்ளே தீ எரிந்துகொண்டிருக்கிறது. அணைந்து ஆறும்வரை காத்திருக்க நேரமில்லை, திபேரியாவில் பால்ட்வின் படை திரட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு தோல்பை தண்ணீர் கொண்டுவருபவருக்கு ஒரு தினார் என்று சலாஹுத்தீன் அறிவித்தார். ஆட்கள் ஆற்றுக்கு ஓடினார்கள். தீயை அணைத்து, மறுபடி உள்ளே இறங்கி, வெட்டி, மறுபடி விறகு அடுக்கிக் கொளுத்தினார்கள். இரண்டாவது தடவை சுவர் விழுந்தது. இடைவெளியின் பின்னால் உள்ளிருந்தவர்கள் குவித்து வைத்திருந்த மரத்தில் தீ பிடித்து அவர்கள் பக்கமே திரும்பியது.

ஒரு தோல்பைத் தண்ணீரின் விலையில் அந்த அவசரம் முழுவதும் தெரிகிறது. கரணை சொன்ன சாந்து விஷயத்தை இதோடு சேர்த்துப் படித்தால், இரு தரப்பும் நாட்களைத் துரத்திக்கொண்டிருந்தார்கள் என்பது புரியும்.

எலும்புமொழி:

எலும்புகளைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை, அதனால் வருகிறேன். பியர்ஸ் மிட்செலும் குழுவினரும் இங்கே கிடைத்த மனித எலும்புகளை ஆராய்ந்து 2006இல் கட்டுரை வெளியிட்டார்கள். வாள்வெட்டு, அம்புக்காயம் இரண்டும் எலும்பில் பதிந்திருந்தன. வெட்டின் விளிம்பு கூர்மையாக இருந்து, புதிய எலும்பு வளராமல் இருந்தால் அந்தக் காயத்தோடு அந்த ஆள் அதிக நாள் வாழவில்லை. விளிம்பு மழுங்கி வளர்ந்திருந்தால் பழைய காயம், அதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே ஒரு படைவீரனின் முந்திய சண்டையையும் கடைசிச் சண்டையையும் பிரிக்கலாம்.

மத்தியகாலப் போர்க்காயத் தொகுப்புகள் வேறு இடங்களிலும் உண்டு. ஆனால் பெரும்பாலும் புதைகுழியில் கிடைப்பவை. புதைத்தவர்கள் கவசத்தைக் கழற்றி, உடலைத் தூக்கி வந்து, அடுக்கி வைத்திருப்பார்கள். எங்கே எப்படி விழுந்தார் என்ற செய்தி அங்கேயே தொலைந்துவிடும். இங்கே உடலும் அம்புமுனையும் விலங்கும் வேலைக்கருவியும் ஒரே சூழலில். நாளும் தெரியும்.

ஒரு வேண்டுகோள். இந்த எலும்புகளை டெம்ப்ளர் எலும்பு என்று எழுதாதீர்கள். கோட்டைக்குள் வீரத்துறவிகள் சிறுபான்மை. கூலிப்படை வீரர், கல்தச்சர், கொத்தனார், கொல்லர், பணியாட்கள் என எல்லாரும் அங்கே இருந்தார்கள். வாள் யார் மேலும் விழும். வெட்டுப்பட்ட தாடையை வைத்து அவர் நோன்பு ஏற்றவரா கூலிக்கு வந்தவரா என்று சொல்ல முடியாது.

ஓலைநறுக்கு:

அக்கா சொன்ன கடைசிப் பத்தியை மனதார வழிமொழிகிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். நூல்கள் சொல்லும் இறந்தோர் தொகை சுமார் 700. ஆராயப்பட்டதோ கைவிரலில் எண்ணக்கூடிய சில ஆட்கள். இத்தனை சிறிய தொகுப்பை வைத்து முற்றுகையைப் பற்றி எவ்வளவு பேசலாம்?

எலும்புமொழி:

முற்றுகையைப் பற்றிக் குறைவாகத்தான் பேசலாம். அந்தச் சில மனிதர்களைப் பற்றி நிறையப் பேசலாம். நான் செய்ய விரும்புவது இரண்டாவதை. மற்ற உடல்களைச் சலாஹுத்தீன் தண்ணீர்த் தொட்டிக்குள் போடச் செய்தார் என்றும், கோடை வெயிலில் நோய் பரவி அவருடைய தளபதிகளிலேயே சிலர் இறந்தார்கள் என்றும் வரலாறுகள் சொல்கின்றன. தொகை குறைவாக இருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

கண்டத்தட்டு:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். இந்தக் கோட்டையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதை யாரும் சொல்லாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை! இந்தக் கோட்டை, இரு நிலத்தட்டுகள் ஒன்றையொன்று உரசி நகரும் சாக்கடல் பிளவுக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் என்று சொல்லவில்லை, மேலேயே. பிளவு வடக்கு தெற்காக ஓடுகிறது. கோட்டையின் வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் கிழக்கு மேற்காக அதைக் குறுக்கே வெட்டுகின்றன.

சிலுவைப்போர்க் கொத்தனார்கள் நூல் பிடித்துச் சுவர் கட்டினார்கள். நேரான சுவர். இன்று அந்தச் சுவர் நேராக இல்லை. பிளவுக்குக் கிழக்கே உள்ள பகுதி வடக்கு நோக்கி நகர்ந்திருக்கிறது. மொத்தம் 2.1 மீட்டர். ஷ்முவேல் மார்கோ, அமோட்ஸ் அக்னான், எல்லன்ப்ளும் முதலியோர் 1990களின் பிற்பகுதியில் இதை வெளியிட்டபோது நிலநடுக்கவியல் துறையில் பெரிய வரவேற்பு. காரணம் எளிது. நிலம் நகர்ந்தது என்று பாறையில் பார்க்கலாம், ஆனால் எப்போதிலிருந்து என்று பாறை சொல்லாது. இங்கே தொடக்கக் கோடு 1178-79 என்று மாதத்தோடு தெரியும். பூமி நகர்வதை அளக்க யாரோ ஆற்றங்கரையில் ஓர் அளவுகோலை வைத்துவிட்டுப் போனது போல.

செங்கல்சூளை:

ஒரே நிலநடுக்கத்தில் இரண்டு மீட்டரா? இல்லை கொஞ்சம் கொஞ்சமாகவா?

கண்டத்தட்டு:

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கோட்டை அழிந்த பிறகு வெகு காலம் கழித்து, இடிபாட்டின் வடக்குச் சுவரை ஒட்டி ஒரு சிறு பள்ளிவாசல் கட்டப்பட்டது. யாக்கோபு நபியின் நினைவோடு முஸ்லிம்கள் போற்றிய இடம் அது. பிளவு அந்தப் பள்ளிவாசல் வழியாகவும் போகிறது. பள்ளிவாசலின் கட்டுமானமும் நகர்ந்திருக்கிறது, ஆனால் அரை மீட்டர்தான்.

கழித்துப் பாருங்கள். கோட்டைச் சுவர் 2.1, பள்ளிவாசல் 0.5. மீதி 1.6 மீட்டர் பள்ளிவாசல் கட்டுவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். கோட்டைக்குப் பிறகு, பள்ளிவாசலுக்கு முன், இந்தப் பகுதியை உலுக்கிய மிகப் பெரிய நிலநடுக்கம் 1202 மே 20 விடியலில் வந்தது. எகிப்தில் உணர்ந்ததை அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி எழுதி வைத்திருக்கிறார். அக்கோ, தீரு, நாப்லுஸ் எல்லாம் சேதமடைந்தன. ஆக 1.6 மீட்டர் 1202க்கு. பிறகு வந்த அரை மீட்டரை 1759 அக்டோபர் 30 நிலநடுக்கத்துக்கு வைக்கிறார்கள்.

ஓலைநறுக்கு:

1759 என்று ஏன் அவ்வளவு உறுதி? 1837 ஜனவரி 1 அன்று ஸஃபத் நகரமே அழிந்ததே. அதுவும் அந்தப் பக்கத்து நிலநடுக்கம்தான். 1759 நவம்பரில் இன்னொன்றும் வந்தது. இங்கேயும் நூலில் உள்ள பட்டியலைப் பார்த்து மண்ணுக்குப் பெயர் வைக்கிறோம்.

கண்டத்தட்டு:

இந்தக் கேள்வி நியாயமானது, ஆய்வாளர்களே 1837ஐ முழுவதும் ஒதுக்கவில்லை. 1759 நவம்பர் நிலநடுக்கம் வடக்கே, லெபனானின் பெக்கா பக்கம் உள்ள வேறு கிளைப் பிளவோடு சேர்த்துப் பேசப்படுவது. அக்டோபர் 30தான் இந்தத் துண்டுக்கு அருகில். ஆனால் அரை மீட்டர் ஒரே நாளில் நகர்ந்ததா, 1759இலும் 1837இலும் பங்கு போட்டுக்கொண்டதா என்பதைப் பள்ளிவாசல் தனியாகச் சொல்லாது. 1.6க்கும் 0.5க்கும் நடுவே கோடு போட்டதுதான் அதன் சாட்சி. அந்தக் கோடு எந்த நூலையும் நம்பி நிற்கவில்லை.

நூல் இல்லாமல் இந்த முடிவு வருமா என்று முதலில் கேட்டீர்கள். இரண்டு தடவையாவது நகர்ந்தது, முதல் நகர்வு பெரியது, இரண்டாவது சிறியது. இதுவரை நூல் இல்லாமலே வரும். தேதிக்குத்தான் நூல் வேண்டும்.

ஓலைநறுக்கு:

சரி, அந்தப் பிரிப்பை ஏற்கிறேன். ஆய்வுக்கட்டுரைகள் எல்லாம் இப்படி எது மண்ணின் சாட்சி, எது நூலின் சாட்சி என்று கோடு போட்டு எழுதினால் எனக்குக் குறையே இல்லை.

காசுப்பெட்டி:

ஓலைநறுக்கின் சந்தேகத்துக்கு இன்னொரு சோதனைக்கல் காசுகள். இங்கே கிடைத்த காசுகளை ராபர்ட் கூல் ஆராய்ந்திருக்கிறார். பொதுவாக ஒரு கோட்டையில் கிடைக்கும் காசு எப்போது கைதவறி விழுந்தது என்று சொல்ல முடியாது. நூறு ஆண்டு புழங்கிய இடத்தில் பழைய காசும் புதுக் காசும் கலந்து கிடக்கும். இங்கே சிலுவைப்போர் அடுக்கு ஒன்றுதான், அதற்கு மேல் சாம்பல் மூடி போட்டிருக்கிறது. எனவே அந்த மூடிக்கு அடியில் கிடைத்தவை, 1178-79இல் ஒரு கூலியாளோ காவலாளியோ மடியில் வைத்திருந்த சில்லறை. எந்த அரசர் அடித்த காசு எத்தனை ஆண்டு கழித்தும் கைமாறிக்கொண்டிருந்தது என்று அறிய இதைவிட நல்ல இடம் அந்த நாட்டில் அரிது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்த மேடு சிலுவைப்போர்க்காரர்கள் முதன்முதலாகக் கால் வைத்த இடம் இல்லை. அடியில் இரும்புக் காலக் குடியிருப்பும் கிரேக்க காலக் குடியிருப்பும் இருக்கின்றன. அஸ்திவாரம் தோண்டும்போது பழைய பொருள் மேலே வரும், பள்ளிவாசலுக்கு வந்தவர்களின் பொருள் கீழே இறங்கும். எந்த அடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாத காசுக்கு இங்கே மதிப்பே இல்லை. பழம்பொருள் விற்பவர்கள் உலோகம் கண்டறியும் கருவியோடு இப்படிப்பட்ட மேடுகளில் அலைவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஒரு காசைப் பிடுங்கும்போது அதன் தேதியையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறார்கள்.

கண்டத்தட்டு:

அடியிலுள்ள பழைய குடியிருப்புகளைக் காசுப்பெட்டி சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். கிரேக்க காலச் சுவர்களும் இரும்புக் காலச் சுவர்களும்கூடப் பிளவில் நகர்ந்திருக்கின்றன. பின்னாளைய அகழாய்வு அதையும் அளந்தது. கீழே போகப் போக நகர்வு அதிகம், எதிர்பார்த்தபடியே.

கவலை தரும் பகுதி வேறு. இரு நிலத்தட்டுகளும் ஆண்டுக்கு சுமார் 4 முதல் 5 மில்லிமீட்டர் ஒன்றையொன்று உரசிச் சறுக்குகின்றன என்று செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டுகின்றன. 1202இலிருந்து இன்றுவரை 800 ஆண்டுக்கு மேல். பெருக்கினால் மூன்று மீட்டருக்கு மேல் வருகிறது. இந்த மேட்டில் அந்தக் காலத்தில் நகர்ந்தது அரை மீட்டர். மீதி சத்தமில்லாமல் எங்காவது கழிந்ததா, பக்கத்துக் கிளைகள் பங்கு எடுத்தனவா, இல்லை இன்னும் பாறைக்குள் சேர்ந்திருக்கிறதா என்பதில்தான் இன்றைய விவாதம். ஹூலாவைச் சுற்றி மக்கள் வாழ்கிறார்கள். பால்ட்வினின் கொத்தனார் கட்டிய சுவரை இன்றைய பேரிடர்த் திட்டம் போடுபவர்கள் ஏன் படிக்கிறார்கள் என்று கேட்டால் பதில் இதுதான்.

செங்கல்சூளை:

பிளவின் மேல் கட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லையா?

கரணை:

தம்பி, துறை இருக்கும் இடத்தில்தானே காவல் வைக்க முடியும். ஆறு ஆழம் குறைந்து கால்நடையாகக் கடக்க விடும் இடம் அதுதான். பள்ளத்தாக்கை உண்டாக்கியதே பிளவு, ஆறு ஓடுவதும் அந்தப் பள்ளத்தாக்கில்தான். சாலையும் ஆறும் சந்திக்கும் இடம் வேண்டும் என்றால் பிளவும் கூடவே வரும்.

மண்ணடுக்கு:

வெளிமதில் பற்றி ஒரு விஷயம் பாக்கி. இது இரட்டை மதில் கோட்டையாகத் திட்டமிடப்பட்டதா என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். எல்லன்ப்ளும் அப்படித்தான் வாசித்தார்: உள்மதில் முதலில், அதைச் சுற்றி வெளிமதில் பிறகு. தெற்கே, கலிலேயா ஏரியைத் தாண்டி இருக்கும் பெல்வோர் கோட்டையைப் பாருங்கள். டெம்ப்ளர்களைப் போன்ற இன்னொரு வீரத்துறவிக் குழுவான ஹாஸ்பிட்டலர்கள் 1168இல் அந்த இடத்தை வாங்கி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மதில் வைத்து முடித்தார்கள். 1187இல் ஹத்தின் போரில் சலாஹுத்தீனிடம் தோற்ற பிறகு நாடே கைமாறியும் பெல்வோர் ஒன்றரை ஆண்டு தாக்குப்பிடித்து 1189 ஜனவரியில்தான் சரணடைந்தது. யாக்கோபின் துறையோ ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதே தலைமுறை, அதே எதிரி. இதில் மதிலின் பங்கு எவ்வளவு, உயரத்தில் அமைந்த இடத்தின் பங்கு எவ்வளவு என்பதைத் தனியாகப் பேச வேண்டும். பெல்வோருக்கு ஓர் இழை தொடங்குகிறேன். கரணை, அங்கே கருங்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் கலந்து கட்டியிருக்கிறார்கள், நீங்கள் கட்டாயம் வர வேண்டும்.